கை நடுக்கத்துக்குக் கத்தியில்லாச் சிகிச்சை: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

சென்ற இதழில் கை நடுக்கம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, மண்டையைத் திறக்காமல் மீயொலி அலைகளை (அதாவது நாம் ஸ்கேன் மையங்களில் கேள்விப்படும் அல்ட்ராசவுண்டை) மூளைக்குள் ஒரு புள்ளியில் குவித்து நடுக்கத்தைக் குறைக்கும் சிகிச்சை ஒன்று வந்திருப்பதாக இரண்டு வரி குறிப்பிட்டிருந்தேன். அந்த இரண்டு வரிகளைப் பற்றித்தான் இந்த முறை கடிதங்கள் மிகுதியாக வந்திருக்கின்றன. அவற்றில் பல, நம்பிக்கையோடும் சற்று அவசரத்தோடும் எழுதப்பட்டவை. ஆகவே இந்த இதழின் பதில்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

எனக்கு வயது 67. பத்து ஆண்டுகளாக வலது கை நடுங்குகிறது. கையை மடியில் வைத்திருந்தால் ஒன்றும் தெரிவதில்லை. காபி டம்ளரைத் தூக்கினால் பாதி காபி டவராவில் சிந்திவிடுகிறது. வாசலில் கோலம் போட்டால் இழை நெளிந்து போகிறது. என் தாயாருக்கும் கடைசிக் காலத்தில் இப்படி இருந்தது. இது பார்க்கின்சன் நோய்தான் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நீங்கள் எழுதிய சிகிச்சை எனக்குப் பொருந்துமா?
*ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்*

அம்மா, உங்கள் கடிதத்திலேயே பாதி நோயறிதல் இருக்கிறது. மடியில் வைத்த கை அமைதியாக இருப்பதும், ஒரு வேலைக்காக அதைத் தூக்கியவுடன் நடுக்கம் தொடங்குவதும், தாயாருக்கும் அதே தொல்லை இருந்ததும் எசென்ஷியல் டிரெமர் என்று நாங்கள் அழைக்கும் நிலையையே பெரும்பாலும் சுட்டுகின்றன. வேறொரு நோயின் விளைவாக வராமல் தானே ஒரு நோயாக நிற்கும் நடுக்கம் என்பது அந்தப் பெயரின் பொருள். இந்த நிலை உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்காவது இதே தொல்லை இருக்கும்.

பார்க்கின்சன் நோயில் வரும் நடுக்கம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. கை ஓய்வாகக் கிடக்கும்போது நடுங்கும். ஒரு பொருளை எடுக்கப் போகும்போது குறையும். அதோடு நடை சுருங்கும், உடல் இறுகும், எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். எசென்ஷியல் டிரெமர் உள்ளவரின் எழுத்து சிறுக்காது. பெரிதாகவும் கோணலாகவும் நெளியும். உங்கள் கடிதத்தை நீங்களே கையால் எழுதியிருந்ததால் அந்த நெளிவை என்னால் பார்க்கவும் முடிந்தது.

ஆனால் கடிதத்தை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. தைராய்டு மிகுதியாகச் சுரந்தாலும் கை நடுங்கும். ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சால்பியூட்டமால், வலிப்புக்குத் தரும் வால்பிரோயேட், மனநோய்க்குத் தரும் லித்தியம் ஆகியவையும் நடுக்கத்தை உண்டாக்கும். இவற்றை விலக்கிய பிறகு முதலில் தர வேண்டியது மாத்திரைதான். புரோபிரனலால், பிரிமிடோன் ஆகிய இரண்டும் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளவை. உங்களுக்கு ஆஸ்துமாவோ, மிகக் குறைந்த நாடித்துடிப்போ இருந்தால் புரோபிரனலால் கூடாது. பிரிமிடோன் தொடக்கத்தில் தூக்கத்தையும் தலைசுற்றலையும் தரும் என்பதால் மிகக் குறைந்த அளவில், இரவில், ஆரம்பிக்க வேண்டும். நீங்கள் இதுவரை எந்த மாத்திரையும் எடுத்ததாக எழுதவில்லை. அப்படியானால் மீயொலிச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவதற்கான நேரம் உங்களுக்கு இன்னும் வரவில்லை. உரிய அளவில், உரிய காலம் மாத்திரை எடுத்தும் பயன் போதாமல் போனவர்களுக்கு, அல்லது அவற்றின் பக்கவிளைவைத் தாங்க முடியாதவர்களுக்கு உரியது அது.

ஒலி எப்படி மூளையைச் சுடும்? தோலையும் எலும்பையும் சுடாமல் உள்ளே மட்டும் எப்படிச் சுடும்? நான் இயற்பியல் படித்தவன் என்பதால் இந்தச் சந்தேகம்.
*வாசகர், நாகர்கோவில்*

நல்ல கேள்வி; இந்தத் துறை அரை நூற்றாண்டுக்கு மேல் மல்லுக்கட்டிய கேள்வியும் இதுவே.

மனிதக் காதுக்கு எட்டுவது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். இந்தச் சிகிச்சையில் பயன்படும் அலை சுமார் 6,50,000 ஹெர்ட்ஸ். கருவில் குழந்தையைப் பார்க்கும் ஸ்கேனில் இதைவிடப் பல மடங்கு அதிக அதிர்வெண் கொண்ட அலைகள், மிகக் குறைந்த ஆற்றலில் செலுத்தப்படுகின்றன. அலை திசுவுக்குள் செல்லும்போது அதன் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக மாறுகிறது. ஓர் அலை மட்டும் சென்றால் அந்த வெப்பம் ஒரு பொருட்டே அல்ல. நோயாளியின் தலையைச் சுற்றி அமையும் கவிந்த தலைக்கவசம் போன்ற கருவியில் 1024 மீயொலிச் சில்லுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு மெல்லிய அலையை அனுப்புகிறது. அவை அனைத்தும் ஒரே புள்ளியில், ஒரே தாளத்தில் வந்து சேரும்போதுதான் அந்தப் புள்ளி மட்டும் சூடாகிறது.

ஒரே தாளத்தில் என்பதுதான் இதில் முக்கியம். தேர் வடத்தில் ஆயிரம் பேர் கை வைத்திருந்தாலும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. குரல் கொடுத்து எல்லோரும் ஒரே மூச்சில் இழுத்தால்தான் நகரும். இங்கே அந்த ஒருமையைக் கெடுப்பது மண்டை ஓடு. அது எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இல்லை. தடித்த இடத்தைக் கடக்கும் அலையும் மெல்லிய இடத்தைக் கடக்கும் அலையும் ஒரே தாளத்தில் உள்ளே போய்ச் சேருவதில்லை. 1950களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃபிரை, ஃபிரான்சிஸ் ஃபிரை என்ற சகோதரர்கள் மீயொலியை மூளைக்குள் குவித்துக் காட்டியபோது, எலும்பில் ஒரு சாளரம் வெட்டி எடுத்த பிறகே அதைச் செய்ய முடிந்தது. எலும்பை வெட்ட வேண்டுமென்றால் அறுவையைத் தவிர்ப்பதில் என்ன பயன்? ஆகவே அந்த முயற்சி பல்லாண்டுகள் தேங்கி நின்றது.

தேக்கத்தை உடைத்தவை இரண்டு. ஒன்று, நோயாளியின் தலையைச் சி.டி. ஸ்கேன் எடுத்து, எலும்பின் தடிமனையும் அடர்த்தியையும் கணினியில் அளந்து, ஒவ்வொரு சில்லின் அலையும் எவ்வளவு முந்த வேண்டும், எவ்வளவு பிந்த வேண்டும் என்று கணக்கிட்டுத் திருத்தும் முறை. மற்றொன்று, எம்.ஆர்.ஐ. கருவியைக் கொண்டே மூளைக்குள் வெப்பநிலையை நொடிக்கு நொடி அளக்கும் திறன். பாஸ்டன் நகரில் ஃபெரென்ஸ் யோலெஸ், குல்லெர்வோ ஹைனினென் போன்றோரின் உழைப்பு இதற்கு அடிப்படை. இப்போது உலகெங்கும் பயன்படும் கருவியை உருவாக்கியது இஸ்ரேல் நாட்டு நிறுவனமான இன்சைட்டெக்.

தோல் சுடாமைக்குக் காரணம், அங்கே அலைகள் பரந்து கிடப்பதே. ஆனாலும் எலும்பு கணிசமான ஆற்றலை விழுங்கிச் சூடேறும். அதனால் தலைக்கும் கருவிக்கும் நடுவே குளிர்ந்த நீர் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கும். அந்த நீரிலிருந்து காற்றையும் முன்கூட்டியே நீக்கிவிடுவார்கள். மீயொலிக்குக் காற்று ஒரு சுவர் மாதிரி. ஒரு குமிழி போதும், அலையைத் திருப்பிவிடும். தலையை மழிப்பதும் இதற்காகவே, முடியிழைகளுக்கு இடையே குமிழ்கள் தங்கிவிடும் என்பதால்.

என் கணவருக்கு இந்தச் சிகிச்சையைச் செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அன்றைய தினம் என்ன நடக்கும் என்று யாரும் எங்களுக்குப் பொறுமையாகச் சொல்லவில்லை. மயக்கம் கொடுப்பார்களா? வலிக்குமா?
*வாசகி, ஈரோடு*

பொறுமையாகவே சொல்கிறேன், சகோதரி.

காலையில் அவர் தலையை முழுக்க மழித்துவிடுவார்கள். தலையில் நான்கு இடங்களில் மரத்துப்போகும் ஊசி போட்டு, ஓர் உலோகச் சட்டத்தைத் திருகுமுனைகளால் பொருத்துவார்கள். பலருக்கு அன்றைய நாளின் மிகக் கடினமான பகுதி இதுவே. ஊசி போடும்போது சுரீரென்று இருக்கும். பிறகு அழுத்தம் மட்டும் தெரியும். சிகிச்சையின்போது தலை ஒரு மில்லிமீட்டர்கூட அசையக் கூடாது என்பதற்காகவே இந்தச் சட்டம். பின்னர் தலையைச் சுற்றி ரப்பர் போன்ற ஒரு சவ்வைக் கட்டி, அதற்கும் கருவிக்கும் இடையே நீரை நிரப்பி, எம்.ஆர்.ஐ. மேசையில் படுக்க வைப்பார்கள்.

மயக்கம் கொடுக்க மாட்டார்கள். அவர் முழு விழிப்போடு இருக்க வேண்டும். அவர் கையில் ஒரு பொத்தானைத் தருவார்கள். தாங்க முடியவில்லை என்றால் அழுத்தினால் அலை உடனே நின்றுவிடும். இதை அவருக்கு வீட்டிலேயே சொல்லிப் பழக்கிவிடுங்கள். நிறுத்தும் அதிகாரம் தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் நிதானமாகப் படுத்திருப்பார்கள்.

குறி வைக்கும் இடம், மூளையின் நடுவே தாலமஸ் என்னும் பகுதிக்குள் இருக்கும் விம் என்ற சிறு கரு (நரம்பணுக்களின் ஒரு சிறு திரள்). சிறுமூளையிலிருந்து கிளம்பி, அசைவை ஆளும் மூளைப்புறணிக்குப் போகும் பாதையில் அது ஒரு சந்திப்பு நிலையம். அந்தச் சுற்றில் ஒரு தவறான தாளம் மாறி மாறி ஓடிக்கொண்டிருப்பதே கையில் நடுக்கமாக வெளிப்படுகிறது. வலது கைக்கு இடது தாலமஸ். இடது கைக்கு வலது. அலையை ஒரேயடியாகச் செலுத்துவதில்லை. பத்து, இருபது விநாடி வீதம், ஒவ்வொரு முறைக்கும் இடைவெளி விட்டுச் செலுத்துவார்கள். முதலில் அந்தப் புள்ளி சில பாகை மட்டும் சூடாகும்; குறி சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று படத்தில் பார்க்க அது போதும். அடுத்து 45 முதல் 50 பாகை செல்சியஸ் அளவுக்குப் போவார்கள். அந்த வெப்பத்தில் நரம்பணுக்கள் சற்று நேரம் மயங்கி நிற்கும், சாகாது. அப்போது மேசையை வெளியே இழுத்து, ஓர் அட்டையில் நத்தை ஓடு போன்ற சுருளை வரையச் சொல்வார்கள். கோடு சற்று நேராகியிருந்தால் இடம் சரி. உதடு மரத்தது, விரல் மரத்தது, பேச்சு குழறுகிறது என்று அவர் சொன்னால் குறி ஓரிரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று பொருள், திருத்திக்கொள்ளலாம். இதற்காகத்தான் அவர் விழித்திருக்க வேண்டும். எல்லாம் சரி என்றான பிறகே 55 முதல் 60 பாகை வரை உயர்த்தி அந்தப் புள்ளியை நிரந்தரமாகத் தீய்ப்பார்கள். தீய்ந்த இடம் ஒரு துவரம்பருப்பு அளவுதான் இருக்கும்.

உயர்ந்த வெப்பத்தின்போது சில விநாடிகள் தலைக்குள் கடுமையான சூடு அல்லது வலி, தலைசுற்றல், குமட்டல் ஆகியவை வரலாம். அலை நின்றதும் அவை பெரும்பாலும் அடங்கிவிடும். முழு நிகழ்வுக்கும் மூன்று, நான்கு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

முதல் சுருளையும் கடைசிச் சுருளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது குடும்பத்தினர் கண் கலங்குவது வழக்கம். அந்த இரண்டு தாள்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உணர்ச்சிக்காக மட்டும் சொல்லவில்லை. ஓராண்டுக்குப் பிறகு நடுக்கம் திரும்பியிருக்கிறதா என்று ஒப்பிட அவை உதவும்.

ஊடுருவல் இல்லாத சிகிச்சை, கத்தியில்லை, இரத்தமில்லை, மறுநாளே வீடு திரும்பலாம் என்று விளம்பரங்களில் படிக்கிறேன். அப்படியானால் இதில் ஆபத்து ஒன்றுமே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? எத்தனை பேருக்குப் பலன் கிடைக்கிறது?
*வாசகர், சேலம்*

எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த இதழ் முழுவதிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். தோல் கிழியவில்லை என்பது உண்மை. மூளையில் ஒரு பகுதி எரிக்கப்படுகிறது என்பதும் உண்மை. எரித்ததைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே இது கத்தியில்லாத மூளை அறுவை. கத்தி இல்லை என்ற பாதியை மட்டும் உரக்கச் சொல்லி, மூளை அறுவை என்ற பாதியை விழுங்கிவிடுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

இப்படித் தாலமஸில் ஒரு புள்ளியை அழிக்கும் எண்ணம் புதியதும் அல்ல. 1950களிலிருந்தே ஊசி போன்ற கருவியை உள்ளே செலுத்தி அதைச் செய்து வந்திருக்கிறார்கள். நம் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1960களில் டாக்டர் பி. ராமமூர்த்தி, டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், டாக்டர் டி.எஸ். கனகா ஆகியோர் அடங்கிய குழு இவ்வகை ஸ்டீரியோடாக்டிக் அறுவைகளை (மூளைக்குள் ஒரு புள்ளியை அளந்து குறிவைத்துச் செய்யும் அறுவைகளை) செய்து இந்தியாவுக்கே வழிகாட்டியது. மாறியிருப்பது உள்ளே போகும் வழி. உள்ளே செய்யும் வேலை அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இனி எண்களுக்கு வருகிறேன். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஜெஃப்ரி எலியாஸ் தலைமையில் 15 பேருக்கு இச்சிகிச்சை அளிக்கப்பட்டு, முடிவுகள் 2013இல் வெளியாயின. ஓராண்டு கழித்துக் கை நடுக்க மதிப்பெண் (நடுக்கம் கூடினால் இந்த எண்ணும் கூடும்) 20.4இலிருந்து 5.2ஆகக் குறைந்திருந்தது. கேட்பதற்கு மலைப்பான எண். ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. அடுத்து அதே மருத்துவர் தலைமையில் பல மையங்களில் 76 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. அதில் 56 பேருக்கு உண்மையான சிகிச்சை. மீதி 20 பேரும் தலையை மழித்து, சட்டம் பூட்டி, அதே மேசையில் படுத்தார்கள்; ஆனால் அலை செலுத்தப்படவில்லை. தாம் எந்தக் குழு என்று அவர்களுக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்து, உண்மையான சிகிச்சை பெற்றவர்களின் மதிப்பெண் 18.1இலிருந்து 9.6ஆக, அதாவது 47 விழுக்காடு, குறைந்தது. மற்றவர்களுக்கு 16.0 என்பது 15.8 ஆனதோடு சரி. ஓராண்டில் முதற்குழுவின் முன்னேற்றம் 40 விழுக்காடாக இருந்தது. அந்த 20 பேருக்கும் பின்னர் உண்மையான சிகிச்சை பெற வாய்ப்பளிக்கப்பட்டது. பொய்யாக ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கச் சம்மதித்த அந்த இருபது பேரின் பெருந்தன்மையால்தான் இன்று நான் உங்களுக்கு உறுதியோடு பதில் எழுத முடிகிறது.

ஆக, நியாயமான எதிர்பார்ப்பு என்பது நடுக்கம் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பதே. சிலருக்குக் கை முற்றிலும் அமைதியாகிவிடும். சிலருக்குக் குறைவாகவே பலன் கிடைக்கும். பாதி என்பதை அற்பமாக எண்ணாதீர்கள். சாம்பார் சாதத்தை வாய்க்குக் கொண்டுபோக முடியாதவருக்கு அந்தப் பாதியில் தன் கையால் சாப்பிடும் உரிமை திரும்புகிறது.

அதே ஆய்வில் தொல்லைகளும் மறைக்காமல் எழுதப்பட்டிருக்கின்றன. 38 விழுக்காட்டினருக்கு உதடு, விரல் போன்ற இடங்களில் மரமரப்பு. 36 விழுக்காட்டினருக்கு நடையில் தள்ளாட்டம். ஓராண்டு கழித்தும் மரமரப்பு 14 விழுக்காட்டினருக்கும், தள்ளாட்டம் 9 விழுக்காட்டினருக்கும் நீடித்தது. காரணம் எளியது. விம் கருவுக்குச் சற்றுப் பின்னால் தொடுவுணர்வுக்கான பகுதியும், பக்கவாட்டில் கைகால்களுக்குக் கட்டளை செல்லும் நரம்புக் கற்றையும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. எரித்த இடத்தைச் சுற்றி முதல் சில நாள்களில் வீக்கம் வரும். அது வடிய வடியப் பெரும்பாலோருக்குத் தொல்லையும் குறையும். ஆகவே, வீடு திரும்பிய முதல் இரண்டு வாரங்கள் குளியலறையில் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்வது குடும்பத்தின் தலையாய வேலை. நடுக்கம் நின்ற மகிழ்ச்சியில் பலர் மறந்துவிடுவது இதைத்தான்.

பலன் நிரந்தரமா? இரண்டு கைகளுக்கும் ஒரே நாளில் செய்துவிட முடியாதா?
*வாசகர், மலேசியா, ஈப்போ*

எரித்த புள்ளி நிரந்தரம். பலன் அவ்வளவு உறுதியாக நிரந்தரம் அல்ல. ஐந்தாண்டு வரை பின்தொடர்ந்த முடிவுகள் வெளிவந்துள்ளன. பெரும்பாலோருக்கு நன்மை நீடிக்கிறது. ஆனால் காலப்போக்கில் ஒரு பகுதி நழுவுவதும் உண்டு. நோய் தன்போக்கில் வளர்வதும் அதற்கு ஒரு காரணம். சிகிச்சை நடுக்கத்தைக் குறைக்கிறதே தவிர நோயை வேரோடு நீக்குவதில்லை.

இரண்டு பக்கமும் ஒரே நாளில் செய்யக் கூடாது. தாலமஸின் இருபுறத்தையும் சேர்த்து அழித்தால் பேச்சு குழறல், விழுங்குவதில் சிரமம், நடைத் தடுமாற்றம் ஆகியவை வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது பழைய ஊசி அறுவைக் காலத்திலேயே பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016 ஜூலையில் ஒரு பக்கச் சிகிச்சைக்கு மட்டுமே அனுமதி தந்தது. இரண்டாம் பக்கத்துக்கு 2022 டிசம்பரில்தான் அனுமதி வந்தது. அதுவும் முதல் சிகிச்சைக்குப் பின் குறைந்தது ஒன்பது மாதம் கழித்து. முதல் பக்கத்தில் நடை, பேச்சு ஆகியவற்றில் சிறு தொல்லையாவது மிச்சமிருக்கும் ஒருவர் இரண்டாம் பக்கத்தை நினைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. எழுதவும் உண்ணவும் பயன்படும் கை ஒன்று அடங்கினாலே பலருக்கு வாழ்க்கை நடந்துவிடுகிறது.

சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு என் தந்தைக்கு எலும்பு ஒத்துவராது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எலும்பில் என்ன குறை? வேறு வழி இல்லையா? அவருக்கு 58 வயதுதான். தையல் வேலை செய்து வந்தவர்.
*வாசகி, திருப்பூர்*

உங்கள் தந்தையின் எலும்பில் நோய் ஏதும் இல்லை. அந்தக் கவலையை விடுங்கள். மண்டை ஓடு என்பது வெளியே ஒரு கெட்டி அடுக்கு, உள்ளே ஒரு கெட்டி அடுக்கு, நடுவில் பஞ்சு போன்ற மச்சை என மூன்று அடுக்கால் ஆனது. நடு அடுக்கின் அடர்த்திக்கும் வெளி அடுக்குகளின் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தைச் சி.டி.யில் அளப்பார்கள். அந்த விகிதம் ஏறக்குறைய 0.40க்குக் கீழே போனால் அலையின் பெரும்பங்கு எலும்பிலேயே சிதறிவிடும். குறியிடம் போதிய அளவு சூடேறாது. இது பிறவியமைப்பைப் போன்றது. திருப்பி அனுப்பியது நேர்மையான செயல்.

உள்மூளைத் தூண்டல் என்னும் டி.பி.எஸ். அவருக்கு நல்ல மாற்றாக இருக்கலாம். பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் டாக்டர் அலிம் லூயி பெனாபித் 1987இல் கண்டறிந்த முறை அது. அதே விம் கருவுக்குள் மெல்லிய மின்முனையைப் பதித்து, காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்த மின்கலத்திலிருந்து வேகமான மின்துடிப்புகளை அனுப்புவார்கள். மண்டையில் துளையிட வேண்டும் என்பதும், தொற்று, இரத்தக்கசிவு ஆகிய ஆபத்துகள் சிறிய அளவில் உண்டு என்பதும், மின்கலத்தை அவ்வப்போது மாற்றவோ மின்னேற்றவோ வேண்டும் என்பதும் அதன் சுமைகள். ஆனால் மின்துடிப்பைக் கூட்டலாம், குறைக்கலாம், தேவையில்லை என்றால் நிறுத்தியும் விடலாம். இரண்டு கைக்கும் செய்யலாம். 58 வயதில், இரு கைகளையும் நம்பித் தையல் எந்திரத்தின் முன் அமர வேண்டியவருக்கு, எலும்பு ஒத்துவந்திருந்தாலும்கூட இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பேசிவிட்டே முடிவு செய்யுங்கள் என்று சொல்லியிருப்பேன். 80ஐ நெருங்குபவர், இரத்தக்கசிவு அபாயத்தாலோ பிற நோய்களாலோ துளையிடும் அறுவைக்குத் தகுதியற்றவர், உடலில் கருவியைச் சுமக்க விரும்பாதவர் ஆகியோருக்கு மீயொலி முறை மிகவும் பொருந்தும்.

எலும்பைத் தவிர வேறு தடைகளும் உண்டு. எம்.ஆர்.ஐ.க்குள் போகக் கூடாத இதய முடுக்கி போன்ற கருவிகள் உடலில் உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தை நிறுத்த முடியாதவர்கள், குறுகிய குழாய்க்குள் மூச்சு முட்டும் அச்சம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது சரிவராது.

பிசியோதெரபி நிலையங்களில் மூட்டு வலிக்கு வைக்கும் அல்ட்ராசவுண்டைத் தலையில் வைத்தால் நடுக்கம் குறையுமா? இதற்குக் கையடக்கக் கருவிகள் இணையத்தில் விற்கப்படுகின்றன.
*வாசகர், காரைக்குடி*

குறையாது. 1024 சில்லுகள், எலும்புக் கணக்கீடு, எம்.ஆர்.ஐ. வெப்பமானி ஆகிய மூன்றும் இல்லாமல் இந்தச் சிகிச்சை இல்லை. பணத்தை வீணாக்க வேண்டாம்.

அப்பாவுக்கு மாலையில் சிறிது மது அருந்தினால் நடுக்கம் நின்றுவிடுகிறது. அதனால் அதை மருந்து என்றே சொல்லிப் பழகிவிட்டார். மருத்துவரிடம் சொல்ல வீட்டில் எல்லோருக்கும் கூச்சம்.
*பெயர் வெளியிட விரும்பாத வாசகி, யாழ்ப்பாணம்*

கூச்சப்படாமல் சொல்லுங்கள். எசென்ஷியல் டிரெமர் உள்ள பலருக்கு மது தற்காலிகமாக நடுக்கத்தைக் குறைக்கும். மருத்துவரே கேட்டறியும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. உங்கள் தந்தை இட்டுக்கட்டவில்லை. ஆனால் போதை இறங்கியதும் நடுக்கம் முன்பைவிட வேகமாகத் திரும்பும்; அதை அடக்க இன்னொரு குவளை வேண்டியிருக்கும். இந்தப் பாதையில் போய்க் குடிக்கு அடிமையானவர்கள் உண்டு. நீண்ட காலக் குடி சிறுமூளையையே பாதித்து, மாத்திரைக்கும் கட்டுப்படாத வேறொரு நடுக்கத்தையும் தள்ளாட்டத்தையும் கொண்டுவரும். அவரைக் கண்டிப்பதற்கு முன்னால், நடுக்கத்துக்கு உரிய மாத்திரை அவருக்குக் கிடைத்ததா என்று பாருங்கள். பல வீடுகளில் அது கிடைத்திருப்பதே இல்லை.

என் வயது 82. கை இலேசாக நடுங்குகிறது. வேலைகளை நானே செய்துகொள்கிறேன். கோவையில் இந்தக் கருவி வந்துவிட்டது, போய்ச் செய்துகொள்ளலாம் என்று பிள்ளைகள் வற்புறுத்துகிறார்கள். எனக்கு விருப்பமில்லை. நான் செய்வது தவறா?
*வாசகர், பொள்ளாச்சி*

தவறே இல்லை, ஐயா. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்தக் கருவி நிறுவப்பட்டிருப்பது உண்மைதான். கடும் நடுக்கத்தால் உண்ணவும் எழுதவும் முடியாதவர்களுக்கு, வெளிநாடு போகாமலே வாசல் திறந்திருப்பது எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் இந்த நோயால் உயிருக்கு ஆபத்து இல்லை. சிகிச்சைக்கான அளவுகோல் மற்றவர் கண்ணுக்குக் கை எப்படித் தெரிகிறது என்பதல்ல. உங்கள் அன்றாட வேலைகள் உங்களால் நடக்கின்றனவா என்பதுதான். நடக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதில், இலேசான நடுக்கத்தை நீக்கப் போய் நடையில் ஒரு தள்ளாட்டத்தை வாங்கி வருவது நட்டக் கணக்கு. பிள்ளைகள் அன்பினால் சொல்கிறார்கள். இந்தப் பக்கத்தை அவர்களிடம் காட்டுங்கள்.

உங்களுக்கு வேண்டியவை சின்னச் சின்ன ஏற்பாடுகள். டம்ளரை விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். முக்கால் அளவோடு நிறுத்தச் சொல்லுங்கள். அண்ணாந்து குடிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, கனமான அடிப்பாகமும் மூடியும் கொண்ட குவளையில் உறிஞ்சிக் குடியுங்கள். முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டு சாப்பிட்டால் கை பாதி அடங்கும். தடித்த பிடியுள்ள பேனா வாங்கிக்கொள்ளுங்கள். காபியின் அளவைக் குறைத்துப் பாருங்கள். வங்கியில் கையொப்பம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புவதாக உங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். கிளை மேலாளரிடம் சொல்லி இப்போதைய கையெழுத்தை மாதிரியாகப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அதுவும் முடியாமல் போனால், சாட்சிகள் முன்னிலையில் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் விதிகளில் இடம் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது மகனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.